வலிப்பு நோய்: கேள்விப்பட்டால் போதுமா?

வலிப்பு நோயைப் பற்றிக் கேரள மக்களுக்கு என்ன தெரியும் என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் நரம்பியல் மருத்துவர் கே. ராதாகிருஷ்ணனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2000-ஆம் ஆண்டில் அது வெளியானது. கேட்கப்பட்டவர்களில் 100-க்கு 98 பேருக்கு மேல் இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டோ படித்தோ இருந்தார்கள். எழுத்தறிவில் முன்னால் நிற்கும் மாநிலத்தில் இது வியப்பில்லை. ஆனால் அதே மக்களில் 31 விழுக்காட்டினர் இதைப் பரம்பரை நோய் என்றார்கள். 27 விழுக்காட்டினர் ஒருவகைப் பைத்தியம் என்றார்கள். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர், வலிப்பு உள்ளவரைச் சரிவரப் படிக்கவைக்கவோ வேலையில் அமர்த்தவோ முடியாது என்று கருதினார்கள். தங்கள் பிள்ளை அப்படிப்பட்ட பிள்ளையோடு பழகுவதை 11 விழுக்காட்டினர் விரும்பவில்லை.

இந்த எண்களைத் தாண்டிவிட்டு யாரும் விழிப்புணர்வைப் பற்றிப் பேச முடியாது. அறியாமையால் இழிவு பிறக்கிறது, அறிவைக் கொடுத்தால் இழிவு போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் விழிப்புணர்வு இயக்கங்கள் பெரும்பாலும் நடக்கின்றன. 1997-இல் உலக சுகாதார நிறுவனமும் இரண்டு பன்னாட்டு வலிப்பு நோய் அமைப்புகளும் சேர்ந்து ஓர் உலக இயக்கத்தைத் தொடங்கின. பிப்ரவரியின் இரண்டாம் திங்கட்கிழமை பன்னாட்டு வலிப்பு நோய் நாள். மார்ச் 26 ஊதா உடை அணியும் நாள். இந்தியாவில் நவம்பர் 17 தேசிய நாள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் ஒரு கோடி அளவில் இருப்பார்கள் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு பேரின் படிப்பும் பிழைப்பும் கல்யாணமும் இதில் சிக்கியிருக்கும்போது, நோக்கம் நல்லது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு முயற்சியைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

முதலில் அதன் வெற்றியைச் சொல்லிவிட வேண்டும். இந்த இயக்கங்களின் பழைய எதிரி பேய். 'புனித நோய்' என்று கிரேக்கர்கள் அழைத்த இதற்கு மற்ற நோய்களைவிடக் கூடுதல் புனிதம் எதுவும் கிடையாது, மூளையில்தான் காரணம் இருக்கிறது என்று ஹிப்போக்ரட்டீஸ் மரபு வாதிட்டு 2400 ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊரில் அந்த வாதம் சாதாரணக் குடும்பம்வரை வந்து சேர்ந்ததில் விழிப்புணர்வுப் பணிக்குப் பங்கு உண்டு. பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தால் இன்று பெரும்பாலான பெற்றோர் எப்போதாவது ஒருமுறையேனும் ஆஸ்பத்திரிப் படி ஏறிவிடுகிறார்கள். இது சிறிய மாற்றம் இல்லை.

ஆனால் பேயை எதிர்த்த வேகத்தில் மக்களின் சமய உணர்வை மொத்தமாக எதிரியாக்கியது தவறான கணக்கு. நம் மரபுக்குள்ளேயே இரண்டு பார்வைகள் இருக்கின்றன. நடராசரின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் முயலகனை வடமொழியில் அபஸ்மாரன் என்பார்கள். ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோயின் பெயரும் அபஸ்மாரமே. மிதித்து அடக்க வேண்டிய ஒன்றாக நோயைக் காணும் பார்வை அது. பெரியபுராணம் வேறொன்றைக் காட்டுகிறது. கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். இன்று திருவாசி என்று வழங்கும் திருச்சிப் பக்கத்துத் திருப்பாச்சிலாச்சிராமக் கோயிலில் அவளைக் கிடத்திவிட்டுத் தந்தை தவிக்கிறான். அங்கே வரும் ஞானசம்பந்தரின் பதிகத்தில் அந்தப் பெண்மீது ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட்டுவது உமக்குப் பெருமைதானா என்று கேள்வி இறைவனை நோக்கித்தான் போகிறது. நோயாளியைக் குற்றவாளி ஆக்காத இந்தக் குரல் மக்களுக்குத் தெரிந்த குரல். மூடநம்பிக்கை என்று ஒரே அடியாகத் தள்ளும் துண்டறிக்கை இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தவறுகிறது. ஒரு தாய் மந்திரிக்கவும் போவாள், மாத்திரையும் கொடுப்பாள். மாத்திரை நிற்காதவரை அவளோடு நமக்கு வழக்கு எதுவும் வேண்டாம்.

இரும்புச் சாவி விஷயத்திலும் இதே குறை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் தென்னாட்டில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை நம் சினிமாக்களே காட்டும். 'இரும்பு கொடுக்காதீர்கள்' என்று எத்தனையோ சுவரொட்டிகள் சொல்லியும் அது ஏன் போகவில்லை? கை கால்கள் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஒருவர் விழுகிறார், கூட்டம் கூடுகிறது, 'இரும்பு எடுங்கப்பா' என்று குரல் எழுகிறது, யாரோ இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துக் கையில் வைக்கிறார்கள். உடம்பு ஓய்வதற்கும் அதற்கும் நேரம் சரியாக இருக்கும். சுற்றி நின்ற அத்தனை பேரும் இரும்பின் மகிமைக்குக் கண்ணால் கண்ட சாட்சிகள் ஆகிவிடுகிறார்கள். இப்படி உருவான நம்பிக்கையை வெறும் மறுப்பால் அசைக்க முடியாது. வலிப்பு தானாகவே நிற்கும் என்ற உண்மையைச் சொன்னால்தான் சாவியின் புகழ் சரியும். இதைச் சொல்லாத சுவரொட்டி பாதி வேலைதான் செய்திருக்கிறது.

மீதிப் பாதி, பதறி நிற்கும் கைகளுக்கு வேலை கொடுப்பது. கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்து, தலைக்கடியில் துண்டையோ சட்டையையோ மடித்து வை, சட்டைக் கழுத்தைத் தளர்த்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரத்தைப் பார். 5 நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடங்கினாலோ 108-ஐக் கூப்பிடு. வாயில் கரண்டியோ துணியோ திணித்தால் பல் உடையும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். ஒரு பேருந்து நடத்துநரும் ஒரு பள்ளி ஆசிரியரும் இவ்வளவைக் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும். விழிப்புணர்வுப் பணிகளிலேயே மறுப்பில்லாமல் பயன் தரும் பகுதி இதுதான் என்பது என் கருத்து. வலிப்பு வந்தவர் கண் விழிக்கும்போது தன்னைச் சுற்றிப் பதற்றமான கூட்டத்தைக் காண்கிறாரா, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காண்கிறாரா என்பதில் அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கப் போகிறார் என்பதும் அடங்கியிருக்கிறது.

அடுத்து, 'இதுவும் ஒரு மூளை நோய்தான்' என்ற பிரசாரம். பேய் என்ற எண்ணத்துக்கு இது சரியான மாற்று. ஆனால் கேரளத்தின் 31 விழுக்காட்டினரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பேயை நம்பவில்லை; பரம்பரையை நம்பினார்கள். சம்பந்தம் பேசும் வீட்டில் எழும் கேள்வி, பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்பதில்லை. 'நாளைக்குப் பிள்ளைக்கும் வருமா?' என்பதுதான். மூளை நோய் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தப் பயம் குறையாது, கூடவும் கூடும். மனநோய் இழிவைப் பற்றிய ஆய்வுகள் ஏற்கெனவே எச்சரித்திருப்பதும் இதைத்தான்: உடல் சார்ந்த விளக்கம் நோயாளியின்மேல் விழும் பழியைக் குறைக்கிறது, கூடவே 'இது மாறவே மாறாது' என்ற அவநம்பிக்கையையும் வளர்க்கிறது.

ஆகவே வீட்டுக்குள் எழும் கேள்விக்கு நேரான பதில் வேண்டும். வலிப்பு நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், மூளைக்கட்டி. நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டைகள் உணவோடும் நீரோடும் உள்ளே போய் மூளையில் கட்டியாவதும் முக்கியமான ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதைப் பற்றி முன்னோடியான ஆய்வுகள் செய்திருக்கிறது. பன்றிக்கறி தொடாதவருக்கும் இது வரும், ஏனென்றால் முட்டை வருவது மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும். உலகில் வலிப்பு நோயில் கால்பங்கு தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரபணு காரணமாகும் வகைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 20-இல் ஒன்று என்ற அளவுக்குள்தான். வலிப்பு உள்ள பெண்களின் குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆரோக்கியமாகவே பிறக்கின்றன. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. திருவனந்தபுரத்தில் 1998 முதல் வலிப்பு உள்ள தாய்மாரின் கர்ப்பங்களைத் தனிப் பதிவேட்டில் பதிந்து கவனித்துவருகிறார்கள். இந்தச் செய்திகள் ஊர்வலத் தட்டிகளில் எங்கே இருக்கின்றன?

கல்யாணம் என்ற இடத்தில்தான் சட்டத்தையும் எடைபோட வேண்டியிருக்கிறது. 1976-இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று எழுதினார்கள். ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து பயன்பாட்டுக்கு வந்து அப்போது 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கட்டுப்படுத்த மருந்துள்ள ஒரு நோயை, சற்றும் யோசிக்காமல் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்தார்கள். இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தினர் நீண்டகாலம் போராடினார்கள். 1999 டிசம்பரில் அந்தச் சட்டத்திலிருந்தும் தனித் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு என்ற சொல் நீக்கப்பட்டது. இந்தியாவில் இந்த நோயின் இழிவுக்கு எதிராக நடந்த ஆகப்பெரிய செயல் இது என்று நான் கருதுகிறேன். மக்கள் மனம் மாறட்டும் என்று சட்டம் காத்திருக்கவில்லை. ஒரு குடும்பத்தை மணமுறிவு என்று மிரட்டப் பயன்பட்ட கருவியை முதலில் பறித்தது.

ஆனாலும் சட்டம் வாசல்வரைதான் வரும். 2007-இல் திருவனந்தபுரம் குழுவினரே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், திருமணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை மறைத்தே கல்யாணம் செய்திருந்தார்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது? மாமியார் பார்க்காத நேரத்தில் எப்படிப் போடுவது? இரண்டு நாள் விட்டுப்போகிறது, தூக்கம் கெடுகிறது, வலிப்பு வந்துவிடுகிறது. பிறகு நோய் பின்னுக்குப் போய், ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு முன்னுக்கு வருகிறது. முக்கியமான விஷயத்தை மறைத்தது மோசடி என்று வாதாட இந்து திருமணச் சட்டத்தில் இன்றும் இடமிருக்கிறது. வெளியே சொன்னால் சம்பந்தம் முறியும், சொல்லாவிட்டால் வாழ்க்கை முறியும் என்ற இந்த நெருக்கடியில் நிற்கும் பெண்ணிடம் போய் 'வெளிப்படையாகப் பேசுங்கள்' என்று அறிவுரை சொல்வது கொடுமை. பேசச் சொல்ல வேண்டியது மாப்பிள்ளை வீட்டாரை. எங்கள் வீட்டுக்கு வரும் பெண் மாத்திரை சாப்பிட்டால் எங்களுக்குத் தடையில்லை என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் கவனிக்க வேண்டும். கிரஹாம் ஸ்காம்ப்ளரும் அந்தோணி ஹாப்கின்ஸும் 1986-இல் லண்டனில் செய்த ஆய்வு பெரிதும் பேசப்படுவது. நோயாளிகள் உண்மையில் சந்தித்த ஒதுக்கலைவிட, ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமே அவர்களை அதிகம் வாட்டியது என்று அவர்கள் கண்டார்கள். அப்படியானால் நோயாளியின் தன்னம்பிக்கையை வளர்த்தால் போதுமே என்று தோன்றும். லண்டனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பெரியோர் பார்த்துப் பேசி முடிக்கும் கல்யாணச் சந்தையில் நிராகரிப்பு வெறும் அச்சம் அல்ல. அது தரகர் வழியாகத் திரும்பி வரும் பதில். நோயாளியின் மனத்தைத் திருத்தினால் போதும் என்ற முடிவை நம் சூழல் ஏற்காது.

புகழ்பெற்றவர்களின் பட்டியலை நீட்டும் உத்தியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சீசர், நெப்போலியன் என்று அடுக்கப்படும் பெயர்கள் பலவற்றுக்கு உறுதியான சான்று கிடையாது. தஸ்தயேவ்ஸ்கிக்கு இருந்தது உண்மை. கிரிக்கெட் வீரர்கள் டோனி கிரெய்க்கும் ஜான்டி ரோட்ஸும் தங்களுக்கு இருந்ததை வெளிப்படையாகவே சொன்னவர்கள். ரோட்ஸ் பாய்ந்து பிடித்த பந்தைப் பார்த்து வளர்ந்த ஒரு பையனுக்கு அது தெம்பு தரும், மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்களின் மனத்தை மாற்றுவது எட்டாத தூரத்து வீரர் அல்ல. மனநோய் இழிவைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய 72 ஆய்வுகளை 2012-இல் அமெரிக்காவின் பேட்ரிக் காரிகன் குழு தொகுத்துப் பார்த்தது. நோயுள்ள ஒருவரை நேரில் பழகி அறிவது பெரியவர்களிடம் அதிகப் பலன் தந்தது. வளரிளம் பருவத்தினரிடம் பாடமாகக் கற்பிப்பது அதிகப் பலன் தந்தது. இதை வலிப்பு நோய்க்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். அப்படியானால் பெரியவர்களுக்கான ஊர்வலத்தைவிட எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கான ஒரு மணி நேரப் பாடம் மேல்.

இனி, விழிப்புணர்வு வாசகங்களில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒன்று: 'வலிப்பு நோயாளிகளும் எல்லோரையும்போல வாழலாம்.' 70 விழுக்காட்டினர்வரை சரியான மருந்தால் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உண்மை. கிளாஸ்கோவில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் குவானும் பிராடியும் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றது. மற்ற மருந்துகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 64 விழுக்காடு. மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கினர்? மூன்று மாத்திரை போட்டும் வாரம் ஒருமுறை விழுகிற பெண்ணை இந்த வாசகம் எங்கே வைக்கிறது? எல்லோரையும்போல வாழ முடிகிறவர்களுக்குத்தான் மரியாதை என்று அது அவளுக்குச் சொல்லாமல் சொல்கிறது. அவர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சை கைகொடுக்கும். மற்றவர்களுக்குச் சமூகத்தின் ஆதரவும் சட்டத்தின் காப்பும் தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியல் நாட்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வலிப்பு நோயை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர் பிழைப்பை இழந்தும் சான்றிதழுக்கு வழியில்லாமல் நிற்கிறார்.

ஓட்டுநர் உரிமத்தையும் இந்த இடத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். வலிப்பு கட்டுப்படாதவர் வண்டி ஓட்டக் கூடாது என்பது இழிவு அல்ல, சாலையில் போகும் பிறர் உயிருக்கான காப்பு. ஆனால் நம் உரிம விண்ணப்பப் படிவம் வலிப்பு உண்டா என்று மட்டும் கேட்கிறது. கடைசி வலிப்பு எப்போது வந்தது என்று கேட்பதில்லை. பிரிட்டனில் பொதுவாக ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட விண்ணப்பிக்கலாம். கால வரம்பில்லாத கேள்விக்குப் பலர் பொய்யான பதிலை எழுதுகிறார்கள். அதனால் சாலையும் பாதுகாப்பாவதில்லை.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. பொதுவான விழிப்புணர்வு தேவைதான், ஆனால் இழிவைக் குறைக்கும் காரணங்களில் அதற்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். முதலிடம் சிகிச்சைக்கு. வலிப்பு நின்றவரை ஊர் விரைவில் ஏற்கிறது. மாத்திரையின்றி நடுத்தெருவில் விழுபவரை எந்தச் சுவரொட்டியும் காப்பாற்றுவதில்லை. ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. ஆனால் அது விலையுயர்ந்த காரியமும் இல்லை. கர்நாடகத்தின் யளந்தூர்ப் பகுதிக் கிராமங்களில் மருத்துவர் கே.எஸ். மணியின் குழு ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின் என்ற மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே பலருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தியதை 2001-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இரண்டாமிடம் சட்டத்துக்கு, 1999 அதற்குச் சான்று.

இந்த வரிசை என் ஆசையால் வந்தது அல்ல. 2022-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற, 2031 வரைக்குமான திட்டத்தைப் பாருங்கள். 90 விழுக்காடு நோயாளிகள் தங்களுக்கு இருப்பது சிகிச்சைக்கு அடங்கும் மூளை நோய் என்று அறிந்திருக்க வேண்டும், 80 விழுக்காட்டினருக்கு மருந்து கிடைக்க வேண்டும், சிகிச்சை பெறுவோரில் 70 விழுக்காட்டினருக்கு வலிப்பு கட்டுப்பட வேண்டும். இந்த 90-இல் அறிய வேண்டியவராகக் குறிப்பிடப்படுபவர் நோயாளி. அறிவு மாத்திரையை நோக்கிப் போகிறது, மாத்திரை வலிப்பில்லாத நாளை நோக்கிப் போகிறது. நாடுகள் தங்கள் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் தனி இலக்கு.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கிறது. அந்தப் பையில் வலிப்பு மாத்திரைக்கும் நிலையான இடம் வேண்டும் என்று அரசைக் கேட்கிறேன். வரும் நவம்பர் 17-க்கு ஊர்வலம் திட்டமிடும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தட்டிக்கும் தொப்பிக்கும் ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை இருப்பு உண்டா என்று மாதாமாதம் போய்ப் பார்த்து, இல்லாத மாதத்தில் அதை வெளியே சொல்லும் வேலைக்குச் செலவிடுங்கள்.